ஒரே கஷாயம் எல்லா வயிற்றுக்கும் ஆகுமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். எங்களுக்குப் பாபநாசம் பக்கத்தில் கிராமம். ஆடிப்பெருக்கு அன்று காலையிலேயே தேங்காய் சாதம், புளி சாதம், தயிர் சாதம் எல்லாம் கிளறி, சூட்டோடு தூக்கில் அடைத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனோம். சாப்பிட மூன்று மணி ஆகிவிட்டது. விளக்கு வைப்பதற்குள் நாலு வயது மகனுக்கு வாந்தி, ராத்திரி பேதி. எனக்கு வயிறு உப்பி, முறுக்கி வலித்தது. மாமனாருக்கு நெஞ்சைக் கரித்தது; அவருக்கு வயது 68, சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். மாமியார் சுக்கு, மிளகு, ஓமம் தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்து எல்லோருக்கும் அரை டம்ளர் கொடுத்தார். எனக்குக் கேட்டது. மகன் அதையும் வாந்தி எடுத்தான். மாமனாருக்கு எரிச்சல் கூடிவிட்டது. நாத்தனாரின் ஐந்து மாதக் குழந்தைக்கு வயிறு கெடாமல் இருக்க வசம்பைச் சுட்டு, தேனில் உரைத்து நாக்கில் தடவினார்கள். இப்போது எல்லோரும் தேறிவிட்டோம். கைவைத்தியத்தில் எது யாருக்கு, எவ்வளவு என்று அளவோடு சொல்லுங்கள். வயிற்றைக் காயப் போடுவது சரியா?

பதில்: உங்கள் மாமியாரின் கஷாயத்தில் குறை ஒன்றும் இல்லை. மூன்று பேருக்கு மூன்று விதமான தொல்லை, மருந்து மட்டும் ஒன்று. அங்கேதான் இடித்தது. அஞ்சறைப்பெட்டியில் இருக்கும் சாமான்கள் உப்புசம், முறுக்கு, குமட்டல் இவற்றைத் தணிக்கும். பேதியில் வெளியேறும் தண்ணீரையும் உப்பையும் அவை திருப்பித் தராது. இரைப்பையிலிருந்து மேலே ஏறும் அமிலத்தை, காரமான கஷாயம் இன்னும் கிளறிவிடும்.

முதலில், அன்று என்ன நடந்திருக்கும் என்று பார்ப்போம். அரிசியில் ஒருவகைக் கிருமியின் வித்துகள் இயல்பாகவே இருக்கும். பேசில்லஸ் சீரியஸ் என்று பெயர். சோறு வெந்தாலும் அந்த வித்துகள் சாவதில்லை. சோறு கையில் பிடிக்கிற வெதுவெதுப்பில் மணிக்கணக்காக இருந்தால் முளைத்துப் பெருகி, நஞ்சைக் கக்கும். சுடச்சுட அழுத்தி அடைத்த தூக்கின் நடுப்பகுதி மதியம் வரை அதே வெதுவெதுப்பில்தான் இருக்கும். வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு, மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. சாப்பிட்ட அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வரும். கையால் பிசையும் சாதத்தில் இன்னொரு கிருமியும் சேரலாம். விரலில் சின்னச் சீழ்ப்புண் இருந்தாலே போதும், அதிலிருந்து ஸ்டெஃபைலோகாக்கஸ் இறங்கிவிடும். அதன் நஞ்சும் சூட்டுக்கு அசையாது. இந்த இரண்டிலும் பெரும்பாலும் ஜுரம் இருக்காது, ஒரு நாளில் அடங்கிவிடும். உங்கள் வீட்டுக் கதை இதோடு ஒத்துப்போகிறது.

புளி சாதம் தாங்குவதற்குக் காரணம் புளியின் அமிலம். தேங்காய்த் துருவலில் ஈரமும் உண்டு, புளிப்பும் இல்லை. அதனால் முதலில் கெடுவது தேங்காய் சாதம்தான். கட்டுசாதம் கட்டும்போது சோற்றைத் தாம்பாளத்தில் பரத்தி, விசிறி, நன்றாக ஆறவிட்டுக் கலந்து, அகலமான பாத்திரத்தில் தளர்வாக வைத்து எடுத்துப் போங்கள். தேங்காய் சாதமும் தயிர் சாதமும் கட்டிய இரண்டு மணி நேரத்துக்குள் காலியாகிவிட வேண்டும். புளி சாதம் கடைசி வரை இருக்கட்டும்.

இனி உங்கள் மகன். வாந்தி, பேதி கண்ட குழந்தைக்கு முதல் மருந்து உப்புச் சர்க்கரைக் கரைசல். கஷாயம் அன்று தேவையே இல்லை. குடல் சுவரில் உப்புக்கென்று ஒரு மதகு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை கூட வந்தால்தான் அது திறக்கும். உப்பு போகும் வழியே தண்ணீரும் உள்ளே போகும். எத்தனை பேதி போனாலும் இந்த மதகு பெரும்பாலும் பழுதாவதில்லை. 1971-ல் வங்கதேச அகதிகள் லட்சக்கணக்கில் வந்து குவிந்தபோது, மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில் காலராவுக்கு நரம்பில் ஏற்றும் மருந்து தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மகாலனபிஸ் அங்கே இந்தக் கரைசலை டிரம்களில் கலந்து குடிக்க வைத்துத்தான் ஏராளமான உயிர்களைக் காப்பாற்றினார்.

இந்தக் கரைசலுக்கான பொடி, ஓ.ஆர்.எஸ். பொட்டலமாக ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும். பெரிய பொட்டலம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு, சின்னது 200 மில்லிக்கு. வீடுகளில் நடக்கும் பெரிய தப்பு இங்கேதான்: பெரிய பொட்டலத்தில் பாதியைக் கொட்டி ஒரு டம்ளரில் கலக்குவது. அப்போது உப்பு ஏகத்துக்கும் ஏறி, குழந்தையின் ரத்தத்தில் சோடியம் அபாயமாகக் கூடும். பொட்டலத்தைப் பிரித்தால் முழுசாகக் கலக்க வேண்டும். 24 மணி நேரம் வைத்திருக்கலாம், மீதியைக் கொட்டிவிடுங்கள். கடையில் அட்டை டப்பாவில் விற்கும் பழச்சுவை பானங்களை இதற்குப் பதிலாக வாங்காதீர்கள். பலவற்றில் சர்க்கரை அதிகம். அது குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் பேதியைக் கூட்டும். அப்படிப்பட்ட பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் தடுத்தது. உறையில் உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரம் என்று இருக்கிறதா பாருங்கள்.

பொட்டலம் கிடைக்காத நேரத்தில்: கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், தலை தட்டிய சர்க்கரை ஆறு தேக்கரண்டி, தலை தட்டிய தூள் உப்பு அரைத் தேக்கரண்டி. தேக்கரண்டி என்பது 5 மில்லி. இருமல் மருந்தோடு வரும் அளவுக் கரண்டி இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். கல்லுப்பில் அளக்காதீர்கள். கல்லுக்குக் கல் இடைவெளி இருப்பதால் கரண்டிக்குக் கரண்டி எடை மாறும். கலக்கியதும் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். கண்ணீரை விட அதிகமாகக் கரித்தால் கொட்டிவிட்டு மறுபடி கலக்குங்கள்.

வாந்தி எடுக்கிற பிள்ளைக்கு டம்ளரோடு நீட்டினால் கடகடவென்று குடிக்கும், குடித்ததெல்லாம் வெளியே வரும். உடனே 'எதுவும் தங்கவில்லை' என்று பயந்து நிறுத்திவிடுவார்கள். ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி என்று ஊட்டுங்கள். வாந்தி வந்தால் பத்து நிமிடம் விட்டு, இன்னும் மெதுவாகத் தொடருங்கள். ஒவ்வொரு பேதிக்கும் பிறகு இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி, உங்கள் மகன் வயதுக்கு 100 முதல் 200 மில்லி, பெரியவர்களுக்குக் குடிக்கிற அளவு. கரைசல் பேதியை நிறுத்தாது. நிற்கவில்லையே என்று அதை விட்டுவிடக் கூடாது. உடம்பு வற்றாமல் காப்பதுதான் அதன் வேலை.

நம் பக்கத்து நொய்க்கஞ்சி கிட்டத்தட்ட இதே வேலையைச் செய்யும். நொய் 50 கிராம், அதாவது ஒரு கைப்பிடி. ஒன்றேகால் லிட்டர் தண்ணீரில் குழைய வேக விட்டு, ஒரு லிட்டருக்கு வந்ததும் தூள் உப்பு அரைத் தேக்கரண்டி. ஊற்றினால் ஓடுகிற பதம் வேண்டும். கரண்டியில் அள்ளுகிற கெட்டியில் இருந்தால் அது சாப்பாடு. மாவுச்சத்து மெதுவாகச் சர்க்கரையாகி உப்பைக் கூட்டிக்கொண்டு போகும். ஆறு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். பழைய சோற்று நீராகாரம் உடம்பு நன்றாக இருக்கும்போது நல்லதுதான், பேதி நாளில் வேண்டாம். பெரும்பாலான வீடுகளில் அதற்குக் கொதிக்காத தண்ணீரைத்தான் ஊற்றுகிறோம். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. கூடச் சேர்த்துக் கொடுக்கலாம், அதை மட்டும் நம்பக் கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இளநீரே கூடாது.

துத்தநாக மாத்திரையைப் பல வீடுகளில் மறந்துவிடுகிறார்கள். ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்கு நாளைக்கு 20 மில்லிகிராம், 14 நாள். கரண்டியில் கொஞ்சம் தண்ணீர் விட்டால் கரைந்துவிடும். பேதி மூன்றாம் நாளே நின்றாலும் 14 நாளையும் முடியுங்கள். குடல் சுவர் தேறுவதற்கும், அடுத்த இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி பேதி வராமல் இருப்பதற்கும் அது உதவும். இதுவும் சுகாதார நிலையத்தில் இலவசம்.

வயிற்றைக் காயப் போடுவது தவறு. வாந்தி அடங்கும் வரை கரைசலோடு நிறுத்தலாம். மூன்று நாலு மணி நேரத்தில் சாப்பாட்டை ஆரம்பித்துவிட வேண்டும். பட்டினி போட்டால் குடல் சுவர் தேறத் தாமதமாகும், குழந்தை எடை இறங்கும். குழைந்த சோறும் மோரும், இட்லி, பருப்பு கரைத்த சோறு எல்லாம் சரி. இவற்றை விட எனக்குப் பிடித்தது மொந்தன் வாழைக்காய். நம் படுகையில் அதற்குப் பஞ்சமில்லை. தோலோடு வேக வைத்து, உரித்து, நார் இல்லாமல் மசித்து, துளி உப்பும் குழைந்த சோறும் சேர்த்துக் கொடுங்கள். காயில் இருக்கும் செரிக்காத மாவுச்சத்து பெருங்குடலில் போய்ப் புளித்து, அங்கே தண்ணீரும் உப்பும் உறிஞ்சப்பட உதவுகிறது. வங்கதேசத்தில் பேதி கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் பேதி சீக்கிரம் மட்டுப்பட்டது. வறுவலாக்கி எண்ணெயில் போட்டுவிடாதீர்கள்!

உங்கள் தொல்லை உப்புசமும் முறுக்கும். கஷாயம் உங்களுக்குக் கேட்டதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கொதிக்க வைத்தால் ஓமத்தின் பாதிப் பலன் ஆவியோடு போய்விடும். ஓமத்தின் மருந்து, தைமால் என்கிற ஆவியாகும் எண்ணெயில் இருக்கிறது. ஓமம் கொதிக்கும்போது வீடே மணக்கிறது என்றால் மருந்து கூரைக்குப் போகிறது என்று அர்த்தம். சுக்கு வேறு ஜாதி, கட்டை; அதன் காரச் சத்து ஆவியாகாது, கொதித்தால்தான் இறங்கும். ஆகவே முறையை மாற்றிக்கொள்ளுங்கள். சுண்டுவிரல் நுனி அளவு சுக்கின் தோலைச் சீவிவிட்டு (கடைச் சுக்கில் சுண்ணாம்பு பூசியிருப்பதும் உண்டு) தட்டி, நாலு மிளகோடு 250 மில்லி தண்ணீரில் ஏழெட்டு நிமிடம் கொதிக்க விடுங்கள். அடுப்பை அணைத்த பிறகு, வெறும் வாணலியில் லேசாகச் சூடேற்றி நசுக்கிய ஓமம் அரைத் தேக்கரண்டி போட்டு, தட்டால் மூடி, பத்து நிமிடம் விட்டு வடிகட்டுங்கள். மூடியிருந்த தட்டின் அடியில் நிற்கும் நீர்த்துளிகளையும் டம்ளரிலேயே சாய்த்துவிடுங்கள், வாசனை எண்ணெய் அதில்தான் நிற்கும். ஓமத்தைக் கருக வறுத்தால் கசப்பும் நெடியும்தான் மிஞ்சும். சாப்பாட்டுக்குப் பிறகு அரை டம்ளர், வெதுவெதுப்பாக, வாய் வாயாக. நாளைக்கு இரண்டு வேளை, இரண்டு நாள் போதும். கர்ப்பிணிகள் ஓமத்தை மருந்து அளவில் சாப்பிட வேண்டாம்.

உப்புசம் மட்டும் இருந்தால் இத்தனை வேலையே வேண்டாம். பாசிப்பயறு அளவு பால் பெருங்காயத்தை வெந்நீரில் கரைத்து, ஒரு டம்ளர் நீர்த்த மோரில் உப்போடு கலந்து குடித்தால் போதும். ஒரு பங்கு தயிருக்கு நாலு பங்கு தண்ணீர். முதல் நாளின் புளித்த தயிர் ஆகாது. கடைக் கூட்டுப் பெருங்காயத்தில் பாதிக்கு மேல் மாவாகவும் பிசினாகவும் இருக்கலாம், அதனால் அதற்கு அளவு கொஞ்சம் கூடும்.

குமட்டலுக்கு இஞ்சிக்கு மேல் ஒன்றும் இல்லை. ஒரு அங்குலத் துண்டைத் தோல் சீவித் துருவி, பிழிந்து, சாற்றைப் பத்து நிமிடம் அசைக்காமல் வையுங்கள். அடியில் வெள்ளையாகப் படிவது மாவு; மேலே தெளிந்ததை மட்டும் இறுத்து, ஒரு தேக்கரண்டி சாற்றை அரை டம்ளர் வெந்நீரில் விட்டுக் குடியுங்கள். வெறும் வயிற்றில் சாற்றை அப்படியே விழுங்கினால் நெஞ்சு எரியும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் தினமும் குடிக்கக் கூடாது.

மாதுளைத் தோல், கொய்யா இலைக் கஷாயங்கள் துவர்ப்பால் பேதியைக் கட்டும். பெரியவர்களுக்கு ஒரு நாள் சரி. ரத்தமோ சளியோ ஜுரமோ இருந்தால் அவை கூடாது. கிருமியை உள்ளேயே நிறுத்தி வைத்த மாதிரி ஆகிவிடும். பேதியைக் கட்டும் லோபரமைடு மாத்திரைக்கும் இதே எச்சரிக்கை, குழந்தைகளுக்கு அதைத் தொடவே கூடாது. கும்பகோணத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு காபியை விடச் சொல்வது எனக்கே சங்கடமாக இருக்கிறது. ஆனாலும் இரண்டு நாள் விடுங்கள், அது குடலைத் துரிதப்படுத்தும்.

உங்கள் மாமனாரைப் பற்றித்தான் எனக்குக் கொஞ்சம் கவலை. நெஞ்சு கரித்தல் பெரும்பாலும் அமிலம் மேலே ஏறுவதுதான். அதற்கு சுக்கு, மிளகு, ஓமம், புதினா எதுவும் ஆகாது. ராச்சாப்பாட்டைக் குறைத்து, படுக்கப் போவதற்கு மூன்று மணி நேரம் முன்பே முடிக்க வேண்டும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அரை அடிக்குச் செங்கல் முட்டுக் கொடுக்கலாம். தலையணையை மட்டும் அடுக்கினால் இடுப்பு மடங்கி வயிறு அழுந்தும், பலன் இருக்காது. சோடா உப்பும், நுரைத்துப் பொங்கும் பொடிகளும் சோடியம், பிரஷர்காரருக்கு வேண்டாம். வெந்தயத்தை மோரில் ஊற வைத்து விழுங்குவது நல்ல வழக்கம் என்றாலும் சர்க்கரையை இறக்கும். சாப்பிடாமல் இருக்கும் நாளில், சர்க்கரை மாத்திரையோடு அதுவும் சேர்ந்தால் தாழ்சர்க்கரையில் மயங்கிவிடலாம்.

அவருக்கே வாந்தி, பேதி வந்தால் ஓ.ஆர்.எஸ். கொடுக்கத் தயங்காதீர்கள். லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான், உடம்பு வற்றுவதுதான் பெரிய ஆபத்து. மெட்ஃபார்மின் என்கிற சர்க்கரை மாத்திரை, சிறுநீர் கூட்டும் பிரஷர் மாத்திரை போன்றவற்றை அந்த ஒன்றிரண்டு நாள் நிறுத்தி வைக்க வேண்டியிருக்கலாம். அவர் டாக்டருக்கு அன்றே போன் போட்டுக் கேளுங்கள். நெஞ்சில் பாரம், வியர்வை, தாடைக்கோ இடது கைக்கோ ஓடும் வலி, மூச்சு வாங்கல் இவற்றில் ஒன்று கூட வந்தாலும் 'வாயு' என்று கஷாயம் போட உட்காராதீர்கள். சர்க்கரை நோயாளிக்கு மாரடைப்பு வெறும் நெஞ்செரிச்சலாகவும் காட்டும். 108-ஐக் கூப்பிட்டு ஈ.சி.ஜி. எடுக்கப் போங்கள்.

ஐந்து மாதக் குழந்தை விஷயத்தில் மட்டும் கறாராகச் சொல்கிறேன்: வசம்பும் வேண்டாம், தேனும் வேண்டாம். வசம்பில் உள்ள பீட்டா-அசரோன் நச்சுத்தன்மை கொண்டது. அமெரிக்காவில் 1968 முதலே அதை உணவில் சேர்க்கத் தடை. உரைத்துக் கொடுப்பதில் அளவு என்று ஒன்று கிடையாது, கைக்குக் கை மாறும். தேனில் பொட்டுலிசக் கிருமியின் வித்து இருக்கலாம். ஒரு வயது ஆகாத குடலில் அது முளைத்துக் கைகால் தளர்ச்சியையே உண்டாக்கிவிடும். பெருங்காயத்தைத் தொப்புளைச் சுற்றித் தடவுவதோடு நிறுத்துங்கள், உள்ளுக்குத் தரக் கூடாது. ஆறு மாதம் வரை தாய்ப்பால்தான் எல்லாம், பேதி போனாலும் தாய்ப்பால் நிற்கக் கூடாது. மாமியாரின் மனம் நோகாமல் சொல்ல வேண்டும் என்றால் பழியை டாக்டர் மேல் போட்டுவிடுங்கள், அதற்காகத்தானே இருக்கிறோம்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. மேட்டூர் திறந்து வாய்க்கால் நிறைந்தால் கிணற்று மட்டமும் ஏறும். பக்கத்தில் கழிவறைக் குழி இருந்தால் அந்தக் கசிவும் ஏறும். ஆடியிலிருந்து கார்த்திகை மழை ஓயும் வரை, தெளிவாகத் தெரிந்தாலும் கைபம்புத் தண்ணீரைத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டுக் கிளம்ப வேண்டிய நேரங்கள்: குழந்தை ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்கவில்லை, கண் உள்ளே போய்விட்டது, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே படியாமல் மடிந்தே நிற்கிறது, எழுப்பினால் துவள்கிறது. மலத்தில் ரத்தம், அரிசி கழுவின தண்ணீர் மாதிரி வாரி வாரிப் பேதி, தார் போலக் கறுத்த மலம், பச்சை நிற வாந்தி இவை எந்த வயதுக்கும் அவசரம்தான். வலி தொப்புளில் ஆரம்பித்து வலது அடிவயிற்றுக்கு இறங்கினால் குடல்வால் அழற்சியாக இருக்கலாம். அப்போது விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதியாக்குவது, வீங்கிய குடல்வாலை உடைத்துவிடும், ஒத்தடமும் வேண்டாம். போகும்போது என்ன சாப்பிட்டது, எத்தனை மணிக்கு, பேதி எத்தனை தடவை, கடைசியாகச் சிறுநீர் போனது எப்போது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். மாமனாராக இருந்தால் அவருடைய மாத்திரை அட்டைகளையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.